அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் அடங்கல

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு வந்தவங்களுக்கு நடந்தது தெரியும். ஆண்களுக்கான கருத்தடை ஊசியைப் பத்திப் பேச்சு ஆரம்பிச்சதும் பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "எங்களுக்கு எதுக்குங்க ஊசி, அதான் வீட்ல அவங்க ஆபரேஷன் பண்ணிக்கிறாங்களே." மண்டபமே சிரிச்சது. பெண்களும் சேர்ந்து சிரிச்சாங்க. அதுதான் எனக்கு ரொம்ப வலிச்சது.

புது முறை வரலைங்கிறது பிரச்சினையே இல்லைங்க. கையில இருக்கிற பழைய முறையான ஆண் கருத்தடை ஆபரேஷனையே நம்ம ஆண்கள் தொடலை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டில 15-49 வயதுள்ள கல்யாணமான பெண்கள்ல 57.8 சதவீதம் பேர் ஆபரேஷன் பண்ணிக்கிட்டவங்க. கணவர் பண்ணிக்கிட்ட குடும்பங்கள் 0.1 சதவீதம்.

அப்படி ஓடி ஒளியற அளவுக்கு அது என்ன ஆபரேஷன்? விதைப்பையில ஒரு இடத்துல மட்டும் மரத்துப்போக லிக்னோகெய்ன் ஊசி. டாக்டர் மூணு விரலால விந்துக்குழாயைத் தோலுக்கு நேர் கீழே கொண்டுவந்து, வளைய இடுக்கியால பிடிச்சுக்குவார். கூர்முனை இடுக்கியால ஒரு சின்னத் துளை. குழாயை வெளியே எடுத்து, ஒரு துண்டை வெட்டி, முனைகளைக் கட்டி உள்ளே விடுவார். அதே துளை வழியா அடுத்த பக்கம். தையல் கிடையாது. பத்துப் பதினைஞ்சு நிமிஷம். ரெண்டு நாள் ஓய்வு, இறுக்கமான உள்ளாடை, ஒரு வாரம் சைக்கிளும் பாரமும் வேண்டாம். அவ்வளவுதான். பெண்ணுக்கோ வயித்தைத் திறந்து கருக்குழாயைத் தேடிப் பிடிச்சுக் கட்டணும்.

"ஆண்மை போயிடும்"னு சொல்வீங்க. ஆண்மைக்கான ஹார்மோன் டெஸ்டோஸ்டிரோன் ரத்தத்துல போறது, அந்தக் குழாய் வழியா இல்லை. விந்துத் திரவத்துல உயிரணுக்கள் ரொம்பச் சின்னப் பங்கு; அளவு குறைஞ்ச மாதிரியே தெரியாது. "சிசேரியன் பண்ணும்போதே சேர்த்துக் கட்டிடலாமே"ன்னு கேட்பீங்க. கட்டலாம். ஆனா சுகப்பிரசவம் ஆனவங்களையும் ஏன் படுக்க வைக்கிறீங்க?

எமர்ஜென்சியைச் சொல்றவங்களுக்கு மட்டும் நான் தலை குனியறேன். 1976-77ல 60 லட்சத்துக்கும் மேல ஆண்களுக்குப் பண்ணினாங்க, வலுக்கட்டாயமா இழுத்துட்டுப் போனதும் நடந்தது. அந்தப் பயம் நியாயம். ஆனா அதுக்கப்புறம் முகாம்கள்ல வரிசையா படுத்தது யாரு? 2014 நவம்பர்ல சத்தீஸ்கர்ல பிலாஸ்பூர் பக்கத்துல ஒரே முகாம்ல 83 பெண்களுக்கு ஆபரேஷன். அந்த வாரத்துல பத்துக்கும் மேல பெண்கள் செத்தாங்க. அதுக்கு எந்த மண்டபமும் அதிரலை.

சரி, புது ஊசிக்கே வரேன். ரிசக். ஐஐடி கரக்பூர் பேராசிரியர் சுஜோய் குஹா எழுபதுகள்ல தொடங்கினது. விந்துக்குழாய்க்குள்ள ஒரு பாலிமரைச் செலுத்தினா, அது உட்சுவர்ல ஒட்டிக்கிட்டு, கடந்து போற உயிரணுவைச் செயலிழக்க வைக்கும். ஹார்மோன் கிடையாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐசிஎம்ஆர்) 303 ஆண்கள்கிட்ட சோதிச்சு, ஏழு வருஷம் தொடர்ந்து பார்த்து, 2023ல முடிவை வெளியிட்டது. கர்ப்பத்தைத் தடுத்தது 99 சதவீதம். வெட்டறதே இல்லை. அதைக் கேட்டுத்தான் சிரிச்சாங்க.

இன்னொரு ஊசியும் உண்டு, அது ஹார்மோன் ஊசி. ஏழு நாடுகள்ல 320 ஆண்கள் எட்டு வாரத்துக்கு ஒருமுறை அதைப் போட்டுக்கிட்ட ஆய்வை, மனநிலைப் பாதிப்பு உள்ளிட்ட பக்கவிளைவுகளால பாதுகாப்புக் குழு 2011ல நிறுத்திடுச்சு. "பாத்தீங்களா, ஆண்களால தாங்க முடியலை"ன்னு அதை வச்சுப் பேசறதும் தப்பு. நிறுத்தினது குழு. கலந்துக்கிட்ட ஆண்கள்ல முக்கால்வாசிக்கு மேல, கிடைச்சா இந்த முறையைப் பயன்படுத்தத் தயார்னு சொன்னாங்க. அப்போ ஆண்களால முடியும். இங்க ஏன் முடியலைங்கறதுதான் என் ஆத்திரம்.

இன்னொண்ணு, இதை யாரும் சொல்லித்தர்றதில்லை. ஆபரேஷன் முடிஞ்ச உடனே பாதுகாப்பு வந்துடாது. கட்டின இடத்துக்கு மேல ஏற்கெனவே தங்கின உயிரணுக்கள் இருக்கும். மூணு மாசம் ஆணுறை கட்டாயம். அப்புறம் விந்துப் பரிசோதனை, அதுல உயிரணு இல்லைன்னு வந்தாத்தான் நிறுத்தலாம். இதை விட்டதால என்ன ஆகும்னு ஒரு ஜோடிகிட்ட பார்த்தேன். அந்தத் தம்பி தைரியமா பண்ணிக்கிட்டார், பாராட்டணும். ஆணுறை போடலை. ரெண்டாவது மாசம் மனைவிக்கு நாள் தள்ளிப்போச்சு. "நான்தான் ஆபரேஷன் பண்ணிட்டேனே, அப்புறம் எப்படி?"ன்னு அவர் கேட்டது டாக்டரை இல்லை, பக்கத்துல உக்காந்திருந்த அவங்களை. அந்தப் பொண்ணு பதில் பேசலை, முந்தானை நுனியை விரல்ல சுத்திக்கிட்டே இருந்துச்சு.

பரிசோதனை பண்ணினாங்க. அவர் விந்துல உயிரணு இன்னும் இருந்துச்சு. அவர் தலையைத் தொங்கப்போட்டுக்கிட்டு வெளியே போயிட்டார். அந்தப் பொண்ணு ரிப்போர்ட்டை நாலா மடிச்சுப் பையில வச்சுக்கிச்சு. வீட்ல மாமியார்கிட்ட காட்டணுமாம்.