டைபாய்டுக்குத் திட்டு வாங்க வேண்டியவர் யார்?

ஆன்டிபயாடிக்குக் கிருமி அடங்கவில்லை என்று பேச்சு வந்தாலே முதலில் திட்டு வாங்குவது நோயாளிதான். "கோர்ஸை முடிக்காம பாதியில நிறுத்தியிருப்பீங்க, அதான்." டாக்டர் சொன்னதைப் பாதியில் விடுவது சரி என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் டைபாய்டு விஷயத்தில் நோயாளிக்கு முன்னால் கேள்வி கேட்கப்பட வேண்டியவர்கள், குடிநீர்க் குழாயையும் சாக்கடையையும் ஒட்டி ஒட்டிப் போட்டுவிட்டு உடைந்தாலும் கண்டுகொள்ளாமல் இருப்பவர்கள்தான். இது என் கட்சி.

டைபாய்டு கிருமி, அதாவது சால்மோனெல்லா டைஃபி, இயற்கையில் மனிதனை மட்டுமே பிடிக்கும். ஆடு மாடு கோழி எதிலும் அதற்கு இடமில்லை. ஒருவருடைய மலம் தண்ணீர் வழியாகவோ சோறு வழியாகவோ இன்னொருவர் வாய்க்குப் போனால்தான் அதற்குப் பிழைப்பு (சாப்பிட்டுக்கொண்டே படிப்பவர்கள் மன்னிக்கவும்). உள்ளே போனதும் அது செய்கிற வேலை இருக்கிறதே, கிருமியை விழுங்கிச் செரிக்க வேண்டிய வெள்ளணுவுக்குள்ளேயே குடியேறி, அங்கேயே பெருகி, அதிலேயே சவாரி செய்து கல்லீரல், மண்ணீரல், எலும்பு மஜ்ஜை என்று எல்லா இடத்துக்கும் போய்விடும். நோயெதிர்ப்பை ஏமாற்ற மேலே ஒரு சர்க்கரை உறை வேறு. சிலருக்குக் காய்ச்சல் விட்ட பிறகும் பித்தப்பையில் தங்கிவிடும், கல் இருந்தால் கல்மேல் படலமாக ஒட்டிக்கொள்ளும், ஆள் தெம்பாக நடமாடும்போதே வருடக்கணக்கில் மலத்தில் வெளியேறிக்கொண்டிருக்கும்.

மருந்து கிடைத்த கதையும் வேடிக்கைதான். 1948இல் கோலாலம்பூரில் ஸ்க்ரப் டைபஸ் என்ற வேறொரு காய்ச்சலுக்குக் குளோராம்பெனிகால் என்ற ஆன்டிபயாடிக்கைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். மருந்து கொடுக்கப்பட்டவர்களில் இரண்டு பேருக்கு வந்திருந்தது உண்மையில் டைபாய்டு, அவர்களும் தேறிவிட்டார்கள். அப்புறம் இருபது வருடத்துக்கு மேல் அந்த மருந்தின் ராஜ்ஜியம். 1972இல் மெக்சிகோவில் 10,000 பேருக்கு மேல் படுத்தபோது அது பலிக்கவில்லை, அதே ஆண்டு இங்கே கோழிக்கோட்டிலும் பலிக்கவில்லை. 80களின் கடைசியில் ஆம்பிசிலினும் கோ-டிரைமாக்சசோலும் சேர்ந்து போயின. சிப்ரோ (சிப்ரோஃப்ளாக்சசின்) வந்தது, கிருமியின் ஒரு மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியதில் அதுவும் தடுமாறியது.

2016இல் பாகிஸ்தானின் சிந்து மாகாணத்து ஹைதராபாத்தில் பரவிய வகைக்கு மேலே சொன்ன நான்கோடு செஃப்ட்ரியாக்சோன் ஊசியும் கேட்கவில்லை. வாய்வழி மருந்தில் கைகொடுத்தது அசித்ரோமைசின்தான். அந்தக் கிருமியின் மரபணுக்களைப் படித்துப் பார்த்தபோது, செஃப்ட்ரியாக்சோனை உடைக்கும் மரபணு ஒரு பிளாஸ்மிட்டில், அதாவது கிருமிகள் ஒன்றுக்கொன்று கைமாற்றிக்கொள்ளும் சின்ன டி.என்.ஏ. வளையத்தில், இருந்தது, அது ஈ.கோலை போன்ற குடல் கிருமியிடமிருந்து கைமாற்றாக வாங்கியது. டைஃபியும் ஈ.கோலையும் சந்தித்துக்கொள்ளும் இடங்கள் குடலும் சாக்கடையும். இதில் எந்த நோயாளி எந்த மாத்திரையை முடிக்காமல் விட்டார் என்று யாரைப் பிடித்துக் கேட்பது?

நான் வேலை பார்ப்பது லேப்பில். நோயாளியின் ரத்தத்திலிருந்து வளர்த்தெடுத்த கிருமியைக் கல்ச்சர் தட்டில் பூசி, மருந்து தோய்த்த சின்ன வட்டக் காகிதங்களை வைத்து, மறுநாள் காலை எடுத்துப் பார்த்தால் வேலை செய்கிற மருந்தைச் சுற்றிச் சுத்தமாக ஒரு வளையம் இருக்கும். கேட்காத மருந்தின் விளிம்பு வரைக்கும் கிருமி மண்டிக் கிடக்கும். வாதமே வேண்டாம், கண்ணுக்கு நேராகத் தெரியும். ஆனால் கல்ச்சருக்கு வருகிறவர்கள் குறைவு. காய்ச்சல் வந்த மூன்றாம் நாளே விடால் என்ற ரத்தப் பரிசோதனை, பாசிட்டிவ், உடனே ஊசி, இதுதான் வழக்கம். விடால் பார்ப்பது கிருமியை இல்லை, ரத்தத்தில் இருக்கும் எதிர்ப்பொருளை. எப்போதோ வந்து போன தொற்றுக்கும் அது பாசிட்டிவ் காட்டும், வேறு காய்ச்சலுக்கும் காட்டும். கல்ச்சருக்கு நாளாகும், எல்லா டைபாய்டிலும் கிருமி வளர்ந்துவிடாது என்பதும் உண்மை. இருந்தாலும் முதல் டோஸுக்கு முன்னால் ரத்தம் எடுத்துவிடுங்கள், அப்புறம் எடுத்தால் பிடிபடுவது இன்னும் கஷ்டம்.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. குளோராம்பெனிகாலைக் கைவிட்டுப் பல வருடம் ஆன பிறகு, இந்தியாவில் இப்போது கிடைக்கும் டைஃபியில் பெரும்பாலானவை அதற்கு மறுபடியும் அடங்குகின்றன. தேவையில்லாதபோது மருந்தை எதிர்க்கும் மரபணுக்களின் சுமையை அதுவும் தூக்கிக்கொண்டு திரிவதில்லை போல.

குழாயை மாற்றப் பத்து வருடம் ஆகும் என்பார்கள். சரி, அதுவரைக்கும் தடுப்பூசியையாவது போடலாமே? 2019இல் பாகிஸ்தான் டைபாய்டு கான்ஜுகேட் தடுப்பூசியைச் (கிருமியின் அந்தச் சர்க்கரை உறையை ஒரு புரதத்தோடு இணைத்துச் செய்தது) சிந்துவில் தொடங்கிக் குழந்தைகளுக்கு அரசுத் திட்டத்திலேயே போட்டது. அந்த ஊசி தயாரானது நம்முடைய ஹைதராபாத்தில். இங்கே 2018இல் நவி மும்பை மாநகராட்சி இலவசமாகப் போட்டுக் காட்டியது, ஆனால் எங்கள் ஊரில் அதே ஊசிக்குக் குழந்தை மருத்துவரிடம் காசு கட்ட வேண்டியிருக்கிறது.