கல்லூரி விண்ணப்பத்துக்காகப் பிள்ளைகளின் மாலைநேரத்தை விற்காதீர்கள்

பாளையங்கோட்டையில் எட்டாம் வகுப்பு படிக்கும் பிள்ளைகள் சிலரின் வார அட்டவணையைக் கேட்டாலே எனக்கு மூச்சு முட்டுகிறது. அபாகஸ், கீபோர்டு, கராத்தே, செஸ், போதாக்குறைக்கு ரோபோட்டிக்ஸ். (பெட்டியில் வரும் பொம்மை வண்டியைப் பூட்டிக் கழற்றுவதற்குத்தான் பல இடங்களில் அந்தப் பெயர்.) எதற்கு இத்தனை என்று கேட்டால், "காலேஜ்ல சேர்க்கும்போது இதெல்லாம் பாப்பாங்களாமே" என்கிறார்கள் பெற்றோர். எந்தக் கல்லூரி, எதைப் பார்க்கும் என்று விசாரித்தவர்கள் மிகக் குறைவு.

நம் பக்கத்துப் பிள்ளைகளில் பலர் போகும் பொறியியல் கலந்தாய்வையே எடுத்துக்கொள்வோம். நுழைவுத் தேர்வு நீக்கப்பட்ட 2007 முதல், கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200க்குக் கணக்கிடப்படும் கட்-ஆஃப்தான் தரவரிசையைத் தீர்மானிக்கிறது. கீபோர்டில் எத்தனை கிரேடு முடித்திருந்தாலும் அதில் அரை மதிப்பெண் ஏறாது. விளையாட்டு வீரர்களுக்கு 500 இடங்கள் தனியே உண்டு. ஆனால் அங்கே கேட்கப்படுவது அங்கீகரிக்கப்பட்ட போட்டியில் எந்த மட்டத்தில் ஆடி என்ன பெற்றார் என்பதே தவிர, கராத்தே வகுப்பின் ஆண்டு விழாவில் எல்லோருக்கும் கொடுத்த மெடல் அல்ல. மருத்துவத்துக்கு நீட் மதிப்பெண். சென்னை ஐஐடி 2024இல் விளையாட்டுக்கும் 2025இல் கலைகளுக்குமாக ஒவ்வொரு இளநிலைப் படிப்பிலும் இரண்டிரண்டு இடங்களை ஒதுக்கத் தொடங்கியது நல்ல செய்திதான் என்றாலும், ஜேஇஇ அட்வான்ஸ்டு தேறாமல் அந்த வாசலுக்கும் போக முடியாது.

ஆக, பாடத்துக்கு வெளியே பிள்ளை என்ன செய்தது என்று உண்மையாகவே கேட்பவை சில தனியார் பல்கலைக்கழகங்களும், முக்கியமாக அமெரிக்கப் பல்கலைக்கழகங்களும்தான். அவற்றில் பல ஏற்கும் 'காமன் ஆப்' விண்ணப்பத்தில் அதிகபட்சம் பத்துச் செயல்பாடுகளைக் குறிப்பிடலாம். ஒவ்வொன்றையும் விவரிக்க 150 எழுத்துகள், அதாவது ஒரு எஸ்எம்எஸ்ஸைவிடக் குறைவான இடம். எந்தெந்த வகுப்புகளில் செய்தாய், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், ஆண்டுக்கு எத்தனை வாரம் என்றும் கேட்கிறார்கள். மூன்று மாதம் மட்டும் போய்விட்டு நிறுத்திய வகுப்பு அந்தக் கட்டங்களில் தானாகவே இளைத்துப் போகும்.

அந்த விண்ணப்பத்தில் எனக்கு மிகவும் பிடித்தது, குடும்பப் பொறுப்புகளுக்கும் சம்பள வேலைக்கும் அதில் தனி வகை இருப்பது. முக்கூடல் பக்கம் அம்மா பீடி சுற்றும் வீட்டில், கடையில் வாங்கிய இலைக்கும் தூளுக்கும் திருப்பிக் கொடுத்த பீடிக்கும் நோட்டில் கணக்கு வைத்து, தம்பியையும் படிக்க உட்கார வைக்கும் பெண், 'எனக்கு எக்ஸ்ட்ரா கரிகுலர் எதுவும் இல்லை சார்' என்றுதான் சொல்வாள். இருக்கிறது, அதைத் தயங்காமல் எழுதலாம் என்று அவளிடம் சொல்ல ஆள்தான் இல்லை.

வீட்டுக்கு வெளியே ஏதாவது செய்யத் தேடுகிறவர்களுக்கும் நம் திருநெல்வேலி மாவட்டத்தில் வாய்ப்புக்குக் குறைவில்லை. நாங்குநேரிக்குப் பக்கத்தில் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயம் இருக்கிறது. பறவைகள் கலைந்துவிடக் கூடாதென்று தீபாவளிக்கு வெடி போடாத ஊர். ஒரு பிள்ளை ஒன்பதாம் வகுப்பிலிருந்து ஒவ்வொரு பருவத்திலும் அங்கே போய், செங்கால் நாரை எத்தனை, கூழைக்கடா எத்தனை, குளத்தில் தண்ணீர் எவ்வளவு என்று எழுதிவந்தால், நான்காண்டு முடிவில் அதன் கையில் இருக்கும் நோட்டு எந்தச் சான்றிதழையும்விடக் கனமானது. செலவு பஸ் டிக்கெட்தான். பறவைகளில் ஆர்வமில்லாத பிள்ளையை இதற்காக இழுத்துக்கொண்டு போவதும் அதே தவறுதான் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

2023 டிசம்பர் வெள்ளத்தின்போது தாமிரபரணிக் கரையில், பக்கத்து வீடுகளில் முழங்கால் அளவுச் சேற்றை வாரிக் கொட்டிய பிள்ளைகளும் உண்டு. ஒரு அரிசிப் பையைப் பிடித்தபடி படம் எடுத்துக்கொண்டு கிளம்பியவர்களும் உண்டு. 'சமூக சேவை' என்ற தலைப்பில் இரண்டாம் வகையினரை அழகாக எழுதித் தருவதற்கென்றே ஆலோசகர்கள் காசு வாங்குகிறார்கள். விண்ணப்பத்தோடு ஆசிரியர்களின் பரிந்துரைக் கடிதமும் போகும் என்பதால், பிள்ளை செய்யாததைச் செய்ததாக எழுதினால் இரண்டும் ஒட்டாமல் நிற்கும்.

அந்தக் கடிதத்தைக் கேட்பதற்குப் பிளஸ் ஒன் முடியும் சமயமே சரி. பல அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் கடைசித் தேதி ஜனவரித் தொடக்கத்தில் வருகிறது. அதற்குச் சற்று முன்னால் நம் பிள்ளைகளுக்கு அரையாண்டுத் தேர்வு, ஆசிரியர்களுக்கோ விடைத்தாள் கட்டுகள்.