ஒரு கக்கூஸும் 17 லட்சம் டாலரும்

வீட்டு வரியின் முதல் தவணையை நேற்றுத்தான் கட்டினேன். டிசம்பர் 10 தாண்டினால் அபராதம் போடுவார்கள். எங்கள் சான் பிரான்சிஸ்கோவில் அந்தத் தேதி, விடுமுறை நாளில் வந்தாலொழிய, தள்ளிப்போகாது. பில்லில் பெரிய தொகைக்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு பட்டியல் வரும். பள்ளிக்கூடத்துக்கு ஒன்று, சிட்டி காலேஜுக்கு ஒன்று, வளைகுடாவின் சதுப்பு நிலத்தை மீட்பதற்கு 12 டாலர். எல்லாமே நல்ல காரியங்கள். ஒன்றைக்கூட வேண்டாம் என்று சொல்ல முடியாது. சொன்னால் நீங்கள் கெட்டவர். இந்த ஊரின் தந்திரமே அதுதான்.

கோபம் நேற்று வந்ததல்ல, அப்பா வந்திருந்தபோது வந்தது. அப்பா தென்காசிப் பக்கம் ஊராட்சி ஒன்றியத்தில் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்றவர். சர்வீஸின் கடைசி வருடங்கள் முழுக்க ‘தனிநபர் இல்லக் கழிப்பறை’யிலேயே போயின. வீட்டுக்கு ஒரு கழிப்பறை, அரசு தருவது 12,000 ரூபாய். குழி தோண்டினார்களா, கதவு மாட்டினார்களா என்று வீடு வீடாகப் போய் அளந்து எம்-புக் என்கிற அளவுப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டவர். அப்படிப்பட்ட மனிதரை ஒரு சனிக்கிழமை நோ வேலி (Noe Valley) என்ற பகுதியின் சந்தைக்கு அழைத்துப் போனேன். 24ஆம் தெருவில் ஒரு சின்னச் சதுக்கம் இருக்கிறது. அங்கே காய்கறி விற்பார்கள், யாராவது கிடார் வாசிப்பார்கள். ஓரத்தில் ஒரே ஒரு கழிப்பறை. வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். “அப்பா, இந்தக் கக்கூஸுக்கு முதலில் எவ்வளவு எஸ்டிமேட் போட்டார்கள் தெரியுமா? 17 லட்சம்” என்று சொல்லித் தொலைத்தேன்.

“ஏல, 17 லட்சமா? ஒரு கக்கூஸுக்கா? விஜிலென்ஸ் வரலியா?”

“ரூபாய் இல்லப்பா, டாலர்.”

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், “இத எவம்ல எஸ்டிமேட் போட்டான்?” என்றார்.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். 2022 அக்டோபரில் வெளியே வந்தது இது. 150 சதுர அடி, ஒரே ஒரு பீங்கான். சதுக்கத்தில் தண்ணீர்க் குழாயும் சாக்கடை இணைப்பும் முன்பே போட்டு வைத்திருந்தார்கள். அப்படியும் 17 லட்சம் டாலர், அதுவும் 2025இல்தான் முடியும் என்றார்கள். மாநில அரசிடம் அந்தப் பணத்தை வாங்கித் தந்தவர் எங்கள் சட்டமன்ற உறுப்பினர் மேட் ஹேனி. அதைக் கொண்டாட விழாகூட ஏற்பாடாகியிருந்தது! கழிப்பறைக்கு அல்ல, கழிப்பறைக்குப் பணம் வந்ததற்கு விழா. பத்திரிகையில் தொகை வெளியாகி ஊரே சிரித்த பிறகு விழா ரத்து.

பணம் எங்கே போகிறது? வரைபடத்துக்குக் கட்டடக் கலைஞர். அந்த வரைபடம் நகரத்துக்கு அழகு சேர்க்குமா என்று பார்க்கக் கலை ஆணையத்தின் குழு. மக்கள் கருத்துக் கேட்பு. சுற்றுச்சூழல் ஆய்வு. தொழிற்சங்கக் கூலி விகிதம். மின் இணைப்புக்கு மின்சாரக் கம்பெனியோடு ஒரு தனி இழுபறி. இதில் எதற்கும் ஒருவரும் லஞ்சம் வாங்கவில்லை என்பதுதான் என் வயிற்றெரிச்சல். லஞ்சம் வாங்கியவனைப் பிடித்து உள்ளே போடலாம். நகரின் பொதுப்பணித் துறைத் தலைவராக இருந்த முகமது நூருவை 2020 ஜனவரியில் எஃப்.பி.ஐ. பிடித்தது, 2022இல் 7 வருடம் தண்டனை கிடைத்தது. கணக்கு முடிந்தது. கழிப்பறை விஷயத்தில் யாரைப் பிடிப்பது? எல்லோரும் விதிப்படிதான் நடந்தார்கள். விதிப்படி நடந்தால் 17 லட்சம் ஆகிறது என்றால், விதியை எழுதியவனை அல்லவா கேட்க வேண்டும்? அவன் ஒவ்வொரு விதியையும் நல்ல எண்ணத்தோடு எழுதினான். போச்சா.

அப்பா காய்கறிப் பையின் மேலேயே பேனாவால் கணக்குப் போட்டார். அந்தச் சமயத்து விலைக்கு டாலர் 82 ரூபாய் என்றால் கிட்டத்தட்ட 14 கோடி. 12,000 ரூபாய் வீதம் பார்த்தால் 11,600 கழிப்பறை. இங்கே கூலி வேறு, பொருள் வேறு, பொதுக் கழிப்பறை என்றால் உடைக்க முடியாத கதவு வேண்டும் என்று நானும் வக்காலத்து வாங்கிப் பார்த்தேன். “சரி, ஆயிரம் மடங்கு போட்டுக்கோ. ஒரு கோடியே 20 லட்சம்தான வருது. மீதி 12 கோடியே சொச்சம் எங்க?” என்னிடம் பதில் இல்லை.

கடைசியில் நெவாடாவில் ஆயத்தக் கழிப்பறை செய்யும் கம்பெனிக்காரர் ஒருவர், அவமானம் தாங்காமலோ விளம்பரத்துக்காகவோ, ஒன்றை இலவசமாகவே கொடுத்தார். நிறுவிய செலவு 2 லட்சம் டாலர் அளவில் முடிந்து 2024 ஏப்ரலில் திறந்தார்கள். ஓசியில் கிடைத்ததைக் கொண்டுவந்து வைக்கவே 2 லட்சம்!

இது ஒரு தனிக் கதை என்றால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். அதே 2022இல் குப்பைத் தொட்டி கதை. கடையில் விற்கும் தொட்டி எங்கள் ஊர்க் குப்பைக்குத் தகுதியில்லையாம். தனியாக வடிவமைத்து, மாதிரிக்கு ஒவ்வொன்றும் 11,000 டாலரிலிருந்து 20,900 டாலர் வரை செலவு செய்து தெருவில் வைத்தார்கள். மொத்தமாகச் செய்யும்போது இரண்டு மூவாயிரத்துக்கு வந்துவிடும் என்று சமாதானம் வேறு. தொட்டியில் கியூஆர் குறியீடு ஒட்டி, பிடித்திருக்கிறதா என்று நம்மிடம் கருத்துக் கேட்டார்கள். வாழைப்பழத் தோலைக் கையில் வைத்துக்கொண்டு நான் கருத்துச் சொல்ல வேண்டும்.

சுரங்க ரயில் இருக்கிறதே, அது இன்னொரு ரகம். 1.7 மைல், 195 கோடி டாலர். 2018இல் ஓட வேண்டியது, முழு ஓட்டம் 2023 ஜனவரியில். (கக்கூஸின் 17 லட்சமும் 1.7 மில்லியன்தான். இந்த ஊருக்கும் ஒன்று புள்ளி ஏழுக்கும் என்ன ஜாதகப் பொருத்தமோ.)

வீடில்லாதவர்களின் கூடாரங்களைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் எனக்குக் குரல் இறங்கிவிடும், ஏனென்றால் டெண்டர்லாயின் பகுதி நடைபாதையில் கிடப்பவர்களை நான் தினமும் தாண்டிப் போகிறவன். கொரோனா காலத்தில் நகரமே அமைத்த கூடார முகாம்களில் ஒரு கூடாரத்துக்கு வருடம் 61,000 டாலர் ஆனது. காவல், சாப்பாடு, கழிப்பறை எல்லாம் சேர்த்துத்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் மாதம் ஐயாயிரத்துக்கு மேல் ஐயா! அந்த வருடம் ஊரைவிட்டு நிறையப் பேர் ஓடி, ஒரு படுக்கையறை வீடு மூவாயிரத்துக்குள் கிடைத்தது. கூடாரத்தில் இருந்தவரை ஒரு வீட்டில் குடிவைத்து, சாப்பாட்டுக்கும் கொடுத்திருக்கலாம். துணிக்கூரைக்குக் கீழே படுக்க வைத்துவிட்டு, அதற்குப் பெயர் கருணை. இதைக் கேட்டதற்கு என் நண்பர் ஒருவர் முகம் சுளித்து, “நீங்களும் ட்ரம்ப் ஆளாகிவிட்டீர்களா?” என்றார். கணக்குக் கேட்டால் ட்ரம்ப் ஆளா? எங்கள் ஊரில் மளிகைக் கடை அண்ணாச்சி தினமும் கேட்பார்.

பள்ளிக்கூடத்துக்கும் இதே வியாதி. 2021 ஜனவரியில் பிள்ளைகள் எல்லாம் வீட்டில் கணினி முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். பள்ளி எப்போது திறக்கும் என்று கேட்டால் தெரியாது. கல்விக் குழு கூடி, 44 பள்ளிகளின் பெயரை மாற்றத் தீர்மானம் போட்டது. ஆபிரகாம் லிங்கன் பெயரும் சரியில்லையாம். அடிமை முறையை ஒழித்தவரையே நீக்கிவிட்டு யார் பெயரை வைக்கப்போகிறார்கள் என்று வாய் பிளந்தேன். எதிர்ப்புக் கிளம்பியதும் பின்வாங்கினார்கள். அடுத்த வருடம் பிப்ரவரியில் மூன்று உறுப்பினர்களை வாக்காளர்களே வீட்டுக்கு அனுப்பினார்கள். இந்த ஊரில் பத்தில் ஒருவர்கூட ரிபப்ளிகன் கிடையாது, ஆக அனுப்பியது டெமாக்ரட்டுகள்தான். அதே 2022இல் சம்பளத்துக்கென்று புது மென்பொருள் போட்டு, ஆசிரியர்களுக்குச் சம்பளமே சரியாகப் போகாமல் அவர்கள் அலுவலகத்தில் படுத்து மறியல் செய்தார்கள். பெயரை மாற்றத் தெரிகிறது, சம்பளம் போடத் தெரியவில்லை.

இதற்கெல்லாம் என்ன காரணம் என்று நான் நினைப்பதைச் சொல்கிறேன், திட்டுகிறவர்கள் திட்டுங்கள். இங்கே எதிர்க்கட்சி இல்லை. கடைசி ரிபப்ளிகன் மேயர் ஜார்ஜ் கிறிஸ்டோஃபர் பதவியை விட்டது 1964 ஜனவரியில். அதற்குப் பிறகு சண்டை எல்லாம் டெமாக்ரட்டுகளுக்குள் நடக்கும் பங்காளிச் சண்டை. ஒரு பக்கம் புரோகிரசிவ் என்கிற முற்போக்குக்காரர்கள், மறுபக்கம் மாடரேட் என்கிற மிதவாதிகள். நம் ஊரில் ஒரு பாலத்தில் விரிசல் விட்டால் மறுநாள் எதிர்க்கட்சிக்காரன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பாலத்துக்கு அடியில் நின்று பேட்டி கொடுப்பான். அவன் யோக்கியனா என்பது வேறு விஷயம். கத்துவதற்கு ஓர் ஆள் இருக்கிறான். இங்கே கத்துகிறவன் பிற்போக்குவாதி.

நான் எதையும் இடிக்கச் சொல்லவில்லை. நூலகங்கள் அருமை, என் மகள் பாதி நேரம் அங்கேதான். பூங்காக்களைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். 2024–25 பட்ஜெட் கிட்டத்தட்ட 1,590 கோடி டாலர். விமான நிலையம், துறைமுகம், பொது மருத்துவமனை எல்லாம் அதில் அடக்கம் என்றாலும், எட்டு லட்சத்துச் சொச்சம் பேர் இருக்கும் ஊருக்குத் தலைக்கு 19,000 டாலர் பக்கம் வருகிறது. அப்படியும் 2025இல் பதவிக்கு வந்த மேயர் டேனியல் லூரி, இரண்டு வருடத்தில் சுமார் 80 கோடி டாலர் துண்டு விழுகிறது என்று கத்திரியைக் கையில் எடுக்க வேண்டியிருந்தது. வரவு குறைந்ததால் மட்டும் விழுந்த துண்டா அது? என் அம்மா இருந்திருந்தால் அஞ்சறைப்பெட்டியைத் திறந்து காட்டியே சொல்லியிருப்பாள்.

அன்றைக்குச் சந்தையில் அப்பாவுக்கு அவசரமாகிவிட்டது. அந்தக் கழிப்பறைக்கே போனோம். வாசலில் நான்கு பேர் வரிசை. இரண்டு குழந்தைகள் காலை மாற்றி மாற்றிக் குதித்துக்கொண்டிருந்தன. அப்பா ஐந்தாவதாக நின்றார். சுவரை விரல் கணுவால் தட்டிப் பார்த்தார், கூரை விளிம்பை அண்ணாந்து பார்த்தார், பழக்கதோஷத்தில் சட்டைப் பையில் டேப்பைத் தேடினார்.

“ஏல, அவ்வளவு ரூவா கேட்டானுவளே, ரெண்டாவதா ஒண்ணு வைக்கணும்னு ஒருத்தனுக்குமா தோணல?”

குழந்தைகளில் ஒன்று உள்ளே போனது. வரிசை ஓரடி நகர்ந்தது.