ஒரு சொல் போதும் என்று நம்புவோம்

ஆங்கிலத்தில் எழுதும்போது நாம் செய்கிற தவறுகளில் என்னை அதிகம் உறுத்துவது இலக்கணப் பிழை இல்லை. ஒரு சொல் சொல்லி முடித்ததைப் பக்கத்துச் சொல்லும் சொல்வதுதான்.

‘ரிட்டர்ன் பேக்’, ‘ரிப்பீட் அகெய்ன்’. முன்னால் இருக்கும் அந்த ‘ரி’யே ‘திரும்ப’ என்று சொல்லிவிடுகிறது. அதைக் கவனிக்காததால்தான் பின்னால் இன்னொன்றை ஒட்டுகிறோம். ‘டாக் அபவுட்’ சரி. ஆனால் ‘டிஸ்கஸ்’ என்றாலே ‘பற்றிப் பேசு’ என்றுதான் பொருள், ‘அபவுட்’டுக்கு அங்கே வேலையே இல்லை.

போன வாரம் ஒரு அறிக்கையைத் திருத்திக்கொண்டிருந்தேன். அதில் ஒரு வரி: ‘தி கமிட்டி மெம்பர்ஸ் வில் மீட் டுகெதர் டு டிஸ்கஸ் அபவுட் தி ஃபியூச்சர் பிளான்ஸ்’. தனித்தனியாக யாரும் ‘மீட்’ பண்ண முடியாது, அதனால் ‘டுகெதர்’ போனது. ‘அபவுட்’ போனது. திட்டம் என்றாலே இனி நடக்கப்போவதுதானே, ‘ஃபியூச்ச’ரும் போனது. 12 சொற்கள் 9 ஆயின. எழுதியவர் சொல்ல வந்ததில் ஒன்றுகூடக் குறையவில்லை.

உயிலுக்கு ‘வில் அண்ட் டெஸ்டமென்ட்’ என்று சட்டத்திலேயே இரண்டு சொல் வருகிறதே என்று கேட்கலாம். அதற்கு ஒரு வரலாறு உண்டு. 1066இல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு ஆங்கிலம், பிரெஞ்சு, லத்தீன் மூன்றும் சட்டத்தில் கலந்து புழங்கின. ஒரே பொருளுக்கு இரண்டு மொழிச் சொற்களைச் சேர்த்து எழுதும் பழக்கம் அதனால் வலுத்தது. ‘வில்’ பழைய ஆங்கிலம், ‘டெஸ்டமென்ட்’ லத்தீன் வழி வந்தது. நம்முடைய மின்னஞ்சலுக்கு அந்தத் தேவை இல்லை.

அடுக்கிச் சொல்வதே கூடாது என்று நான் சொல்லவில்லை. ‘உயர்ந்தோங்கிய’ என்கிறோம், அதை ஒருபொருட் பன்மொழி என்று நன்னூல் ஏற்கிறது. ஆனால் அங்கே இரண்டாவது சொல் ஒரு அழுத்தம் தருகிறது. ‘எண்ட் ரிசல்ட்’ என்பதில் ‘எண்ட்’ என்ன தருகிறது?

நான் செய்வது ரொம்ப எளிது. சந்தேகப்படும் சொல்லை விரலால் மறைத்துவிட்டு வரியைப் படிப்பேன். பொருள் மாறினால் சொல் இருக்கும், மாறாவிட்டால் அடித்துவிடுவேன். ‘பின்’ (PIN) என்பதன் கடைசி எழுத்தே ‘நம்பர்’தான், ‘ஏடிஎம்’மின் கடைசி எழுத்தே ‘மெஷின்’தான். ஆனாலும் ‘பின் நம்பர்’, ‘ஏடிஎம் மெஷின்’ என்று பேச்சில் சொல்பவரை நான் திருத்துவதில்லை. பேச்சு ஓடிவிடும். எழுத்தில் வந்தால் மட்டும் விடமாட்டேன்.