ஏழரை லட்சம்

(மாலை நேர டீக்கடை. சுவரில் ‘கடன் அன்பை முறிக்கும்’ என்ற பலகை. அதற்கு நேர் கீழே, ஆணியில் தொங்கும் தடித்த கடன் நோட்டு.)

மகள்: அப்பா, கவுன்சிலிங்கில் சீட் கிடைத்துவிட்டது! விடுதியோடு சேர்த்து நாலு வருஷத்துக்கு 6 லட்சம் ஆகும். கல்விக் கடன் போட்டுவிடலாம்.

அப்பா: கடனா? தலைக்கு மேலே என்ன எழுதியிருக்கிறது, படி.

மகள்: அது டீ குடிக்க வருகிறவர்களுக்கு.

அப்பா: அவர்களும் அது வேறு யாருக்கோ என்றுதான் நினைக்கிறார்கள். சரி, யார் தருகிறார்கள்?

மகள்: வங்கிதான். விண்ணப்பிப்பது அரசாங்கத்தின் வித்யாலட்சுமி தளத்தில்.

அப்பா: சரஸ்வதி இருக்கிற வீட்டில் லட்சுமி தங்கமாட்டாள் என்பாள் உன் பாட்டி. இரண்டு பேரையும் ஒரே பெயரில் அடைத்துவிட்டார்களா? அப்படியானால் வீட்டுப் பத்திரத்தைக் கேட்பார்களே?

மகள்: 7.5 லட்சம் வரை அடமானம் வேண்டாம்.

அப்பா: ஏழரையா! எனக்குச் சனி விட்டே ஆறு மாதம்தான் ஆகிறது தாயி.

மகள்: நாம் கேட்பது ஆறுதானே? படிக்கும்போதும், முடித்து ஒரு வருஷம் வரைக்கும் தவணை கிடையாது. அப்புறம் கட்டி முடிக்க 15 வருஷம்.

அப்பா: நாலு, ஒன்று, பதினைந்து... எனக்கு 68 வயதாகிவிடும். ‘வேலை கிடைத்ததும் தருகிறேன் அண்ணாச்சி’ என்று மூலை பெஞ்சுப் பையன் மூன்று வருஷமாகச் சொல்கிறான். வங்கி அதையே திட்டமாக்கிவிட்டதா?

மகள்: ஆனால் வட்டி அந்த அஞ்சு வருஷமும் ஓடும்.

அப்பா: அதானே பார்த்தேன்!

மகள்: நம் வருஷ வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால், அதை மத்திய அரசே கட்டும். தாசில்தாரிடம் வருமானச் சான்றிதழ் வாங்க வேண்டும். அப்புறம் உங்கள் கையெழுத்து.

அப்பா: என் கையெழுத்து எதற்கு?

மகள்: நீங்கள் இணைக் கடனாளி. நான் கட்டாவிட்டால் உங்களைத்தான் பிடிப்பார்கள்.

அப்பா: பரீட்சை எழுதுவது நீ, அரியர் விழுவது எனக்கா? போகட்டும். சான்றிதழுக்கு யார் விசாரிப்பார்கள்?

மகள்: வி.ஏ.ஓ.

அப்பா: (துண்டால் முகத்தைத் துடைத்தபடி) போன மாதம் உன் அத்தை வீட்டுக் காதுகுத்தில், கடையில் மாதம் 50,000 நிற்கிறது என்று சொல்லித் தொலைத்தேன்.

மகள்: வருஷத்துக்கு 6 லட்சம்! அதற்கு 3 சதவீத வட்டிச் சலுகைதான், அதுவும் பட்டியலில் உள்ள கல்லூரிகளுக்கு மட்டும். நம் கல்லூரி அதில் இல்லை. சொன்னது பொய்தானே அப்பா?

அப்பா: சுத்தப் பொய். ஆனால் அடுத்த இலையில் பாயசம் குடித்துக்கொண்டிருந்தவர் வி.ஏ.ஓ.

மகள்: ஐயோ! இனி எப்படி நம்ப வைப்பது?

அப்பா: அந்த நோட்டை எடு. கடை வருமானம் முழுக்க அதில்தான் தூங்குகிறது. பார்த்தால் உடனே நம்பிவிடுவார்.

மகள்: அவ்வளவு சுலபமாகவா?

அப்பா: முதல் பக்கமே அவர் கணக்குதான்.