வூ திங் - ஃபூ ஹாவ் கதைய காதல் கதைன்னு விக்காதீங்கப்பா

கொஞ்ச நாளா ஃபீட் முழுக்க ஃபூ ஹாவ் ரீல்ஸ் தான். பழங்கால சீனாவோட பெண் தளபதி, புருஷன் ராஜா வூ திங் அவ மேல உயிரையே வச்சிருந்தாரு, செத்த அப்புறமும் மறக்க முடியாம தவிச்சாருன்னு பின்னாடி புல்லாங்குழல் போட்டு உருக வைக்கிறாங்க. தளபதிங்கிறது உண்மை. மத்ததுல பாதிக்கு மேல சினிமா. அந்தக் குடும்பத்துல நிஜமா நடந்தது இத விட சிக்கலு, எனக்கு அதுதான் புடிச்சிருக்கு.

வூ திங் ஷாங் வம்சத்து ராஜா. கி.மு. 1250 வாக்குல பட்டத்துக்கு வந்தவரு, 59 வருஷம் ஆண்டாருன்னு பழைய நூல்கள் சொல்லுது. தலைநகரம் இன்னைக்கு ஹெனான் மாகாணத்துல இருக்கிற ஆன்யாங் பக்கம். கனவுல பார்த்த ஆள தேடச் சொல்லி, மண் இடிச்சு சுவர் கட்டிக்கிட்டிருந்த ஒருத்தன கூட்டிட்டு வந்து மந்திரி ஆக்கினார்னு ஒரு கதை உண்டு, ஆனா அது ஆயிரம் வருஷம் கழிச்சு எழுதின சரித்திரத்துல வர்றது, அத விட்ருவோம். அவர் காலத்துலயே எழுதினது எலும்பு தான். மாட்டோட தோள்பட்டை எலும்பு, இல்லன்னா ஆமையோட வயித்து ஓடு, அதோட பின்பக்கம் சின்னச் சின்னதா குழி தோண்டி சூடு வைப்பாங்க, முன்பக்கம் விரிசல் விடும், அந்த விரிசலப் பார்த்து ராஜா குறி சொல்லுவாரு, கேட்ட கேள்விய அதே எலும்புல செதுக்கி வச்சுருவாங்க. சில சமயம் அப்புறம் என்ன நடந்துச்சுங்கிறதையும் சேர்த்து. 1936ல ஒரே குழியில மட்டும் 17,000க்கு மேல துண்டு கிடைச்சுது, பெரும்பாலும் வூ திங் காலத்தோடது.

மனுஷன் எதுக்குமே கேக்காம இருந்ததில்ல. அடுத்த பத்து நாள் ஆபத்தில்லாம போகுமா, மழை வருமா, விளைச்சல் எப்படி. ஒரு ஓட்டுல பல்வலிக்கு கேட்டிருக்காரு பாருங்க, செத்துப்போன அப்பா கோவத்துல குடுத்த வலியா இல்ல மூணு பெரியப்பால யாராவதான்னு ஒவ்வொருத்தர் பேரா சொல்லி! (பெரியப்பாங்க மூணு பேரும் அவருக்கு முன்னாடி ராஜாவா இருந்தவங்க, சந்தேகத்துல நியாயம் இருக்கு.)

இப்ப ஃபூ ஹாவ். 3000 பேர் அவளோட ஆளுங்க, கூட 10,000 பேர், மொத்தம் 13,000 பேரோட படையெடுப்புன்னு ஒரு எலும்புல இருக்கு. எந்தக் காலத்துலயும் சாதாரண நம்பர் இல்ல அது. ஆனா அவ மட்டும் விதிவிலக்குன்னு காட்டுறது தான் தப்பு. எலும்புகள்ல ராஜகுடும்பத்துப் பெண்கள் பேர் மட்டும் 60க்கு மேல வருது. ஒருத்தி விவசாயம் பாக்குறா, ஒருத்தி குறி பாக்குறதுக்கு ஆமை ஓடு சப்ளை பண்றா, ஃபூ ஹாவே 50 ஓடு அனுப்பினான்னு குறிப்பு இருக்கு. அதாவது குடும்பம் தான் கவர்மென்ட்டு. மகன், மருமகன், பொண்டாட்டி எல்லாருக்கும் ஒரு டிபார்ட்மென்ட்.

இந்தப் பதிவே எழுத வச்சது இன்னொரு ஓடு. ஃபூ ஹாவ் மாசமா இருக்கா, பிரசவம் நல்லபடியா நடக்குமான்னு கேக்குறாங்க. ராஜா விரிசலப் பார்த்துட்டு, திங் நாள்ல பெத்தா நல்லது, கெங் நாள்ல பெத்தா ரொம்ப நல்லதுங்கிறாரு (திங், கெங் எல்லாம் அவங்க நாள்காட்டியில வர்ற நாளோட பேரு). முப்பத்தியோராவது நாள், அந்த ரெண்டும் இல்லாம ஜியாயின் நாள்ல பிரசவம். எழுதினவன் என்ன செதுக்கிருக்கான் தெரியுமா: "நல்லதில்லை, பெண்."

13,000 பேர கூட்டிட்டு போற பொண்ணுக்கு பொண்ணு பொறந்தா நல்லதில்ல! முரண்பாடுன்னு தோணும், ஆனா அந்த அரண்மனைக்குள்ள இது முரண்பாடே கிடையாது. படை நடத்த நம்பிக்கையான ஆள் வேணும், பொண்டாட்டியா இருந்தா என்ன. ஆனா வம்சமும் பலி குடுக்கிற உரிமையும் ஆம்பளப் புள்ள வழியா தான் போகும். அவளுக்குக் குடுத்த அதிகாரம் அவளுக்காக மட்டும் தான், பொம்பளைங்களுக்காக இல்ல. ரீல்ஸ் போடுறவங்க இந்த ஓட்ட ஏன் காட்டுறதில்லன்னு புரியுதா.

அவ செத்த அப்புறம் நடந்தது இன்னும் விசேஷம். மேல் உலகத்துல இருக்கிற முன்னோர்கள், தாங்ங்கிற ஆதி ராஜா, தாஜியா, ஸூயீ, இவங்கள்ல யாரு அவள எடுத்துக்கிட்டாங்கன்னு கேட்டு குறி பார்த்திருக்காங்க. செத்த பொண்டாட்டிய பாட்டனுக்கு பாட்டனுக்கு கட்டிக் குடுக்கிறதுன்னு தான் ஆய்வாளர்கள் நிறைய பேர் இத படிக்கிறாங்க. இது எந்த ஊரு காதல்?

பாசமே இல்லன்னு சொல்ல மாட்டேன். அவ கல்லறைய ராஜாக்கள் இடுகாட்டுல இல்லாம ஆத்துக்கு இந்தப்பக்கம் அரண்மனை கிட்டயே வச்சிருக்காங்க, அதனாலயே திருடன் கண்ணுல படாம தப்பிச்சு 1976ல ஜெங் ஜென்ஷியாங்ங்கிற பெண் ஆய்வாளர் கையில முழுசா கிடைச்சுது. வெண்கலப் பொருள் 468, மொத்தம் 1.6 டன். ஜேட் 755, அதுல சிலது அவ காலத்துக்கே ஆயிரக்கணக்கான வருஷம் பழசு, அம்மா ஆன்டிக் கலெக்டர் போல! சோழி 7000 கிட்ட. கூடவே பலி குடுத்த 16 பேரோட எலும்பும் அங்க தான் கிடந்துச்சு. அவ படையெடுத்த சியாங் மக்கள பிடிச்சுட்டு வந்து பலி குடுத்த கணக்கு தனியா எலும்பு எலும்பா இருக்கு. வீர மங்கைன்னு ஹார்ட் விடுறவங்க அதையும் ஒரு தடவ படிங்க.

கடைசியா ஒண்ணு. ஃபூ ஜிங்னு இன்னொரு ராணி இருந்தா, தினை விளைச்சல் வேலையெல்லாம் அவ பேர்ல தான் வருது. அவளுக்காக மகன் வார்த்துக் குடுத்ததுன்னு நம்பப்படுற வெண்கலக் கொப்பரை 1939ல ஆன்யாங்ல கிடைச்சுது, எடை 832 கிலோ, பழங்கால சீனாவுல இருந்து கிடைச்ச வெண்கலப் பாத்திரத்துலயே பெருசு. அத ஜப்பான்காரன் கையில சிக்காம ஊர்க்காரங்க திரும்ப மண்ணுக்குள்ள புதைச்சு வச்சு காப்பாத்தினாங்க. அவளுக்கு ஒரு ரீல் இருந்தா கமெண்ட்ல லிங்க் போடுங்க, நான் தேடின வரைக்கும் ஒண்ணும் இல்ல.