லூமினாலுக்கு விளக்கு தேவையில்லை
‘சி.எஸ்.ஐ. மாதிரிக் குற்றப் புலனாய்வுத் தொடர்களில், இரத்தக்கறையைக் கண்டறிய லூமினால் என்ற வேதிப்பொருளைத் தெளித்து ஊதா விளக்கை அடித்ததும் இரத்தம் மட்டும் ஒளிர்வது அறிவியல்படி சரிதான்’ என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். சரியில்லை நண்பரே. லூமினாலுக்கு விளக்கே வேண்டாம். ஹைட்ரஜன் பெராக்சைடு கலந்து இருட்டில் தெளித்தால், இரத்தத்தின் ஹீமோகுளோபினில் உள்ள இரும்பு வேதிவினையைத் தூண்ட, நீல ஒளி தானாகவே எழும். அரை நிமிடம் போல நின்று மங்கிவிடும். அதற்குள் படமெடுத்தாக வேண்டும். வெறும் புற ஊதா விளக்கை மட்டும் அடித்தால் இரத்தக்கறை ஒளிராது, கருத்துத்தான் தெரியும்.

‘இரத்தம் மட்டும்’ என்பதுதான் இதைவிடப் பெரிய தவறு. பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவி ஈரம் காயாத குளியலறைத் தரையும் ஒளிரும். செம்பும் ஒளிர வைக்கும். கறை இரத்தம்தானா, அதுவும் மனித இரத்தமா என்பதை ஆய்வகத்தில் வேறு சோதனைகள் செய்துதான் உறுதிசெய்கிறார்கள்.